சிப்பிச் சுண்ணாம்பில் எழுந்த மாளிகை

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ் நெளுக்குளத்தைத் தாண்டியதும் வீதியின் இருபுறமும் வயலும் குளமுமாக விரிகிறது. அந்த வழியில் வரும் ஊர்தான் பூவரசங்குளம். சந்தியில் நாலைந்து கடைகள், ஒரு பஸ் தரிப்பிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள். சுற்றிவர நிற்கும் வீடுகளில் பழையவை என்று சொல்ல அதிகமில்லை. வன்னியில் போருக்குப் பின் எழுந்த வீடுகளே எங்கும் கண்ணில் படுகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டம் வடக்குக் கிழக்குக்கு வந்தபோது ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கொடுத்தார்கள். சிமெந்துக் கல் அரிந்து, ஓடு போட்டு, அந்தக் காசுக்குள் சனங்கள் தங்கள் கல்வீட்டைத் தாங்களே எழுப்பினார்கள். பூச்சுப் பூசக் காசு போதாமல் கல் தெரிய நிற்கும் சுவர்களை இன்றும் வழிநெடுகக் காணலாம்.

அதற்கு முந்திய வன்னி வீடு மண்ணால் ஆனது. புற்றுமண்ணையும் குளத்துக் களியையும் குழைத்துச் சுவர் வைப்பார்கள். பாலையும் முதிரையும் காட்டிலிருந்து வரும். கூரைக்குக் கிடுகு, இல்லையென்றால் வைக்கோல். முன்னால் சாணி மெழுகிய குந்து. மனிதர் குடியிருந்து வருடா வருடம் மெழுகி, மேய்ந்து வந்தால்தான் அந்த வீடு நிற்கும். ஊர் இடம்பெயர்ந்தால் இரண்டு மாரியில் கரைந்துபோகும். வன்னியின் ஊர்கள் எத்தனையோ தடவை இடம்பெயர்ந்தன. ஆகவே இந்த மண்ணில் பழைய வீடு ஒன்றைச் சுவரும் தூணுமாகப் பார்க்க விரும்புகிறவர் மேற்கே கடற்கரை மட்டும் போகவேண்டும். மன்னார் மாவட்டத்தின் அரிப்புக் கரையில், தொல்பொருட் சின்னமாகப் பாதுகாக்கப்படும் ஒரு மாளிகை சிதைந்து நிற்கிறது. ஆவணங்களில் அதன் பெயர் டொரிக். ஊர்ச்சனம் அதை அல்லி ராணி கோட்டை என்கிறது.

பூவரசங்குளத்திலிருந்து அந்த மாளிகைக்குப் போகிற வழியே ஒரு வரலாறு. பஸ் செட்டிகுளம் பிரதேசத்துக்குள் நுழைகிறது. 2009இல் போரில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முட்கம்பிக்குள் இருந்த மெனிக் பாம் முகாம் இந்தப் பக்கந்தான். 2012இல் அந்த முகாமை மூடிவிட்டார்கள். கூடாரங்கள் நின்ற நிலத்தில் இப்போது பற்றையும் வெளியுமே தெரிகிறது. பறயனாளங்குளத்தில் மதவாச்சியிலிருந்து வரும் பெருவீதி சேர்கிறது. பிறகு மடு மாதா கோயிலுக்குத் திரும்பும் சந்தி, அதற்கப்பால் முருங்கன். முருங்கன் பக்கத்து வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுப்பது கட்டுக்கரைக்குளம். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டியது என்று சொல்லப்படும் பெருங்குளம் அது. அருவி ஆற்றை மறித்த தேக்கத்திலிருந்து அதற்குத் தண்ணீர் வருகிறது.

அந்த ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று அநுராதபுரத்தைத் தொட்டு வரும் ஆறுதான் வன்னிக்குள் அருவி ஆறாகிறது. செட்டிகுளம் பக்கக் காடுகளினூடாக ஓடி அரிப்பில் கடலோடு சேர்கிறது. கண்டி மன்னனின் சிறையாளாக ஏறக்குறைய இருபது வருடம் இருந்த ஆங்கில மாலுமி ரொபேட் நொக்ஸ், 1679இல் தன் தோழர் ஸ்டீபன் ரட்லண்டோடு தப்பியபோது இந்த ஆற்றங்கரையைத்தான் வழியாகக் கொண்டார். யானைக் காட்டுக்குள் ஆற்றோடு நடந்து அவர் வந்து சேர்ந்த இடம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டை. 1681இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால்தான் ஐரோப்பா இலங்கையின் உட்பகுதியை விரிவாக அறிந்தது. ஆறும் கடலும் சந்திக்கிற இந்த மூலை எவ்வளவு காலமாக உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

முருங்கனில் இறங்கிச் சிலாவத்துறை பஸ் ஏறினேன். வழியில் வருவது முசலிப் பிரதேசம். 1990இல் இங்கிருந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பிறகே திரும்பி வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அரிப்பில் கத்தோலிக்க மீனவர்கள், சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் முஸ்லிம்கள் என்று அடுத்தடுத்த ஊர்கள். எல்லோருடைய முன்னோருக்கும் ஒரு காலத்தில் பொதுவாக இருந்த பிழைப்பு, எதிரே கிடக்கும் மன்னார்க் குடாவின் முத்து.

அரிப்பில் முதலில் கண்ணில் படுவது கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் மன்னாரோடு சேர்ந்து ஒல்லாந்தர் கைக்குப் போனது. மிகச் சிறியது, இரண்டே கொத்தளங்கள். ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்குத் தங்குமிடமாயிற்று. அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் நிலம் மெல்ல உயர்ந்து செம்மண் மேடாகிறது. மேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்தபடி, செங்கல் சுவர்கள் நிற்கின்றன. கூரை இல்லை. கதவு, யன்னல் இருந்த இடங்கள் வெறும் திறப்புகள். சுவரின் தடிப்பு ஒரு முழத்துக்கு மேலிருக்கும். வெளிச்சம் உள்ளே வந்து விழும் விதத்தைப் பார்த்தாலே, கட்டியவர் ஒவ்வொரு திறப்பையும் யோசித்து வைத்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இதைக் கட்டியவர் பிரெடெரிக் நோர்த். 1798 முதல் 1805 வரை இலங்கையின் முதலாவது பிரித்தானிய ஆளுநர். அமெரிக்கா சுதந்திரம் அடைந்த காலத்தில் பிரித்தானியாவின் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் மகன். ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் இலங்கைக் கரையோரத்தைப் பிடித்த கையோடு ஆங்கிலேயர் தேடிப் போன செல்வம் முத்துத்தான். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்கும் நாட்களில் ஆளுநரே வந்து இருந்து மேற்பார்வை செய்ய ஒரு வீடு வேண்டும் என்று, 1801 முதல் 1804 வரை இந்த மாளிகை கட்டப்பட்டது. வரைபடமும் நோர்த்தினுடையதே.

வன்னிக் கரையில் ஏன் கிரேக்கத் தூண்கள்? நோர்த்தின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது. இலங்கைக்கு வருவதற்கு முன்னரே கிரேக்க மண்ணில் அலைந்து, கிரேக்க மொழியைக் கற்று, 1791இல் கோர்பூத் தீவில் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் சேர்ந்தவர் அவர். பிற்காலத்தில், 1824இல், அதே கோர்பூவில் அயோனியக் கல்விக்கழகத்தைத் திறந்து வைத்தவரும் அவரே. ஏதென்சின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்த ஸ்டுவர்ட், ரெவெட் ஆகியோரின் முதல் தொகுதி 1762இல் வெளிவந்த பிறகுதான் கிரேக்கத் தூணின் மீது ஐரோப்பாவுக்கு மோகம் பிறந்தது. அந்த மோகம் லண்டன் தெருக்களில் முழுதாகப் பரவுவதற்கு முன்பே அரிப்புக்கு வந்துவிட்டது. நோர்த் இங்கே தூண் எழுப்பிய அதே வருடங்களில், எல்ஜின் பிரபுவின் ஆட்கள் ஏதென்சில் பார்த்தினன் ஆலயத்திலிருந்து சிற்பங்களைப் பெயர்த்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள்.

கிரேக்கக் கட்டடக் கலையின் மூன்று தூண் மரபுகளில் டொரிக் மிக மூத்தது, மிக எளியது. இலை, சுருள், பூவேலை எதுவும் கிடையாது. தூண் அடியில் பருத்து மேலே போகப் போகச் சற்று ஒடுங்கும். தலைப்பில் வட்டமான ஒரு தட்டு, அதன்மேல் சதுரப் பலகை, அவ்வளவுதான். அழகு முழுவதும் அளவில் இருக்கிறது. அளவு பிசகினால் மறைக்க அலங்காரம் இல்லை. கிரேக்கத்தில் இதைச் சலவைக்கல்லில் செதுக்கினார்கள். அரிப்பில் சலவைக்கல்லுக்கு எங்கே போவது? கிட்டடியில் கருங்கல் மலைகூட இல்லை. களிமண் இருந்தது, விறகு இருந்தது, மலைமலையாகச் சிப்பி இருந்தது. ஆகவே செங்கல் சுட்டுச் சுவரையும் தூணையும் எழுப்பி, முத்துச் சிப்பியைச் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தைப் பூசினார்கள். தென்னிந்தியக் கரைகளில் கொத்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த வித்தை அது. சாந்தை நாட்கணக்கில் இடித்து அரைத்து, மேற்பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் சலவைக்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. புதிதாக இருந்தபோது இந்த மாளிகையும் கடலிலிருந்து பார்ப்பவர்களுக்கு வெள்ளைச் சலவைக்கல்லாகத்தான் தெரிந்தது.

நோர்த்தின் காலத்தில் கொழும்பில் படைக்குருவாக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியிட்ட தம் நூலில் இந்த வீட்டை மிக உயர்வாகப் பேசுகிறார்; தீவிலுள்ள கட்டடங்களில் இதற்கு இணையாக அவர் வேறெதையும் கருதவில்லை. வீடு பெரிதல்ல. இரண்டு தட்டு. கீழே சிறு சிறு படுக்கை அறைகள், மேலே உணவறையும் ஆளுநரின் அறையும். முன்னும் பின்னும் தூண்கள் தாங்கும் முகப்பு. படியேறி மொட்டை மாடிக்குப் போனால் முத்துச் சிப்பி வாழும் பார்கள் கிடக்கும் கடல் முழுவதும் கண்ணுக்குள் வரும். எந்தப் படகு எப்போது திரும்புகிறது என்று பார்க்க அதைவிட உயரமான இடம் அந்தத் தாழ்ந்த கரையில் கிடையாது. அரசாங்கத்தின் கண்ணாக இருக்கவே அந்த மாடி கட்டப்பட்டது.

ஒரு சுவரின் உடைந்த மூலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் உப்பு அரித்துச் செங்கல் உள்வாங்கிப் போயிருக்கிறது. ஆனால் செங்கற்களுக்கு இடையிலுள்ள சாந்து அரிபடாமல் வெளியே துருத்தி நிற்கிறது. கல்லைவிடச் சாந்து உறுதி. நிழலான பக்கத்தில் பழைய பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் இன்னும் வழுவழுப்பு. அதன் உடைந்த ஓரத்தில், சூளையில் சரியாக வேகாத சிப்பித் துணுக்குகள் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரிந்தன. ஒன்றிரண்டில் சிப்பியின் உட்பக்க மினுக்கம்கூட இருந்தது.

அந்தத் துணுக்குக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். முத்துச் சலாபம் மாசி, பங்குனி, சித்திரையில் நடக்கும். வாடைக்காற்று அடங்கி, சோளகம் எழும்புவதற்கு இடைப்பட்ட அந்த அமைதியில்தான் கடல் தெளியும். கீழக்கரை, தொண்டி, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் என்று நாலா பக்கமிருந்தும் பரவரும் மரைக்காயருமாகக் குளியாளர்கள் வருவார்கள். வியாபாரிகள் அரபுக் கரையிலிருந்தும் வருவார்கள். ஆளில்லாத கடற்கரையில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு பட்டணம் திடீரென எழும். இரவில் அரிப்பிலிருந்து பீரங்கி முழங்கினால் தோணிகள் தரைக்காற்றைப் பிடித்துப் பாருக்கு ஓடும். விடிந்ததும் குளிப்பு. காலில் கல்லைக் கட்டிய கயிறு, கழுத்தில் வலைக்கூடை, ஒரு மூச்சு. ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் தெரிந்தவர் என்று நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் நின்று ஓதாவிட்டால் எவரும் இறங்கமாட்டார். அவருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. நண்பகலில் கடற்காற்றோடு தோணிகள் திரும்பும். கரையில் எண்ணி, பங்கு பிரித்து, ஏலம் போட்டு, சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார்கள். பெரும்பங்கு அரசுக்கும் குத்தகைக்காரருக்கும் போகும். சலாபம் முடிந்தால் கொட்டில்கள் பிரிபடும். மிஞ்சுவது சிப்பி ஓடு மட்டும்.

குளியாளர்களின் கொட்டில் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. அவர்களுடைய பெயரெழுதிய கல்லும் இந்தக் கரையில் கிடையாது. ஆனால் அவர்கள் மூச்சடக்கிக் கொண்டுவந்த சிப்பிதான் சுட்டு நீறாகி இந்தச் சுவரில் இருக்கிறது. இதை வெள்ளைக்காரத் துரையின் பங்களா, இடிந்தால் நமக்கென்ன என்று சொல்கிறவர்களை நான் வழியிலேயே சந்தித்தேன். அவர்களுக்கு என்னுடைய பதில் இதுதான்: வரைபடம் நோர்த்தினுடையது, வீடு நம்முடையது. மண் நம்முடையது, சுண்ணாம்பு நம் கடலுடையது, சாந்து இழைத்ததும் நம் கரைகளின் கைவினை. மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்புக்கு நிலத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய சாட்சி இந்த மாளிகை. ஊர்ச்சனம் ஆளுநரின் பெயரை மறந்து இதை அல்லி ராணியிடம் ஒப்படைத்ததிலும் நியாயம் இருக்கிறது. முத்துக் கடலை ஆண்ட அரசி என்று தாங்கள் நம்பும் ஒருத்தியை அவர்கள் இந்த மாடியில் குடியேற்றிவிட்டார்கள்.

முத்தின் காலம் நோர்த்தோடு முடியவில்லை. ஆங்கிலேயர் வந்த புதிதில் 1796 முதல் 1798 வரை அடுத்தடுத்து மூன்று வருடம் குளித்ததில் பார்கள் களைத்துப்போயின. அதன்பிறகு சலாபம் ஒரு வருடம் நடக்கும், பல வருடம் நடக்காது. 1905இல் தெற்கே மறிச்சுக்கட்டியில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினார்கள். மறு வருடச் சலாபத்துக்கு அரச அதிகாரியாக வந்தவர் லெனார்ட் வுல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயரெடுத்தவர். அதே 1906இல் பார்களை இருபது வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தார்கள். சில வருடங்களிலேயே கம்பனி நொடித்தது. பழைய சலாபம் பிறகு திரும்பவே இல்லை. சிப்பி ஒழிந்ததும் மாளிகைக்கு வேலையில்லாமல் போயிற்று, கவனிப்பாரற்று இடிந்தது.

மேட்டின் கீழே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“ஐயா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதும் இப்படித்தானா?”

“இல்லைத் தம்பி. அந்தச் சுவருக்கு அங்கால நிலம் கிடந்தது. நாங்கள் அதில நிண்டு விளையாடுறனாங்கள். இப்ப அந்த நிலத்தைக் கடல் எடுத்திட்டுது. ஒவ்வொரு சோளகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சரியுது.”

அவர் காட்டிய இடத்தில் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. மேற்குப் பக்கச் செம்மண் கரை கத்தியால் வெட்டிய பாண் போலச் செங்குத்தாக நிற்கிறது. அடியில் செங்கற்கட்டிகள் கடலுக்குள் கிடக்கின்றன. தூணின் துண்டா சுவரின் துண்டா என்று பிரித்தறிய முடியாதபடி பாசி மூடியிருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் மனிதக் கைகளிடமிருந்து ஒரு சின்னத்தைக் காக்கும்: கல் பெயர்ப்பதும் கிறுக்குவதும் தோண்டுவதும் குற்றம். அப்படியிருந்தும் சுவரெங்கும் கரியாலும் ஆணியாலும் எழுதிய பெயர்களைக் கண்டேன். கடலைத் தடுக்க அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. அதற்குக் கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களும் தொல்லியலாளரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து திட்டம் போடவேண்டும். கரையடியில் பெரிய கற்களை அடுக்குவதென்றாலும் அள்ளிக் கொட்டும் வேலையாக அது இருக்கக்கூடாது. ஓரிடத்தில் தடுத்த அலை பக்கத்து ஊரின் கரையை எடுக்கும் என்பதை அரிப்பு மீனவர் எவரும் சொல்லித் தருவார்.

சுவரைப் பழுது பார்க்கிறோம் என்று சிமெந்தைப் பூசுவதும் கூடாது. சுண்ணாம்புச் சாந்து மூச்சு விடும். உள்ளே போன ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். சிமெந்து அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். உப்பு செங்கல்லுக்குள் பூத்து, கல்லைப் பொடியாக்கும். இந்தச் சுவருக்குத் தேவையானது அது பிறந்த அதே சாந்துதான். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கைகள் இன்னும் முற்றாக ஒழியவில்லை, தேடினால் கிடைக்கும்.

அரிப்புக்குப் போவது கடினமில்லை. வவுனியாவிலோ பூவரசங்குளத்திலோ மன்னார் பஸ் ஏறி முருங்கனில் மாறலாம். மன்னாரிலிருந்து வங்காலை வழியாகவும் வரலாம். காலையில் வாருங்கள், அல்லது வெயில் சாய்ந்த பின் வாருங்கள். நடுப்பகலில் அந்த மேட்டில் ஒதுங்க நிழலில்லை. கடல் பக்க விளிம்பில் ஏறவேண்டாம், கரை உள்ளே அரித்துக் கிடக்கிறது. சுவரில் கை வையுங்கள், பெயர் எழுதாதீர்கள். கீழே கிடக்கும் செங்கல்லை நினைவுப் பொருளாக எடுத்துப் போகாதீர்கள்.

மன்னாரிலும் வவுனியாவிலும் படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாணவர்களை ஒரு நாள் அளவு நாடாவோடும் வரைதாளோடும் இங்கே கூட்டி வாருங்கள். நிற்கிற சுவர்களின் நீளம், உயரம், திறப்புகளின் அகலம், தூணின் சுற்றளவு எல்லாவற்றையும் அளந்து வரையச் சொல்லுங்கள். ஊரின் முதியவர்களிடம் கரை எதுவரை இருந்தது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பல்கலைக்கழகங்களும் திணைக்களங்களும் செய்யவேண்டிய பெரிய வேலை அவர்களுடையது. அதற்காக நாம் காத்திருக்கத் தேவையில்லை. கடல் வருடா வருடம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. சுவர் நிற்கும்போது எடுத்த அளவு ஒன்றுதான், அது விழுந்த பிறகும் நம் கையில் இருக்கும்.